கறிவேப்பிலைத் தளிரில் ஒரு முட்டை: வெயிலும் மழையும் பட்டாம்பூச்சியின் பிள்ளைகளை மாற்றும் விதம்

காலை பத்து மணி வெயிலில் ஓர் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி கறிவேப்பிலைச் செடியையே சுற்றிச் சுற்றி வந்தால், அது தேனுக்காக வரவில்லை. கறுப்பில் வெளிர்மஞ்சள் தெறித்த அந்தப் பெண் பூச்சி, சிறகடிப்பதை நிறுத்தாமலே ஓர் இலையில் முன்கால்களைப் படபடவென்று தட்டிப் பார்க்கும். இலையின் சுவையை அது அறிவது கால்களால்தான். முற்றல் இலை என்றால் விலகிவிடும். கொழுந்து என்றால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குத் தாவும். முட்டை வெளிர்மஞ்சளாக, கடுகைவிடச் சிறிதாக, நல்ல உருண்டையாக இருக்கும்.

அதோடு தாயின் வேலை முடிந்தது. காவல் இருப்பதில்லை, ஊட்டுவதில்லை, திரும்பி வந்து பார்ப்பதும் இல்லை. பிள்ளைக்கு அது கொடுக்கக்கூடியவை மூன்றே மூன்று: முட்டைக்குள் அடைத்த சத்து, முட்டை வைத்த இடம், வைத்த நாள். இந்த மூன்றையும் வெப்பம், ஈரம், பகல் நீளம், இலையின் நிலை ஆகியவை மாற்றுகின்றன. கட்டுரையின் பொருள் இதுதான்.

பட்டாம்பூச்சிகளைக் கவனிக்கத் தொடங்குபவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. ஒன்று நேர்வழி: வெயில் முட்டையைக் காயவைக்கிறது, மழை புழுவை அடித்துப்போகிறது. இது எல்லாருக்கும் தெரியும். மற்றது சுற்றுவழி: தாய் புழுவாக இருந்தபோதும், சிறகு முளைத்த பின்னும் பட்ட வெயிலும் பசியும் அவள் இடும் முட்டையின் அளவிலும் எண்ணிக்கையிலும் தெரிகின்றன. இதைத் தாய்வழி விளைவு என்கிறார்கள். மரபணு மாறுவதில்லை. அதே மரபணு, நிலைமைக்கேற்ப வேறு உடம்பைக் கட்டுகிறது. அந்த இயல்புக்கு நெகிழ்தன்மை என்று பெயர்.

சொந்தச் சூடு இல்லாத உடம்பு

பட்டாம்பூச்சிக்கு நம்மைப்போல நிலையான உடல் வெப்பம் கிடையாது. பறக்கும் தசைகள் சரியாக இயங்க, மார்புப் பகுதி பெரும்பாலான இனங்களில் சுமார் 30 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். காலையில் சிறகை விரித்து வெயில் காய்வது இதற்காகத்தான். மேகம் மூடிய நாளில், வயிற்றில் முட்டை முற்றித் தயாராக இருந்தாலும் பறந்து போய் இட முடியாது. பல இனங்களுக்குச் சிறகு முளைத்த பின் இருக்கும் ஆயுளே ஒன்றிரண்டு வாரங்கள். அதில் மூன்று நாள் மூடாப்பு என்றால் எத்தனை முட்டைகள் இடப்படாமலே போகும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கத்திரி வெயிலிலும் இதே இழப்பு வேறு வகையில் வரும். நண்பகலில் பூச்சி நிழலில் ஒதுங்கிவிடுவதால், முட்டையிடும் நேரம் காலையிலும் மாலையிலுமாகச் சுருங்குகிறது.

முட்டையும் புழுவும் வளரும் வேகமும் வெப்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அடிநிலை வெப்பம் உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். கணக்குப் புரிவதற்காக அது 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி நாளில் புழுவுக்குக் கிடைப்பது 10 பங்கு வெப்பம். 32 டிகிரி நாளில் 20 பங்கு. ஒரு கட்டத்தை முடிக்க 200 பங்கு வேண்டுமென்றால் முதல் இடத்தில் 20 நாள் ஆகும், இரண்டாவது இடத்தில் 10 நாள் போதும். நம் ஊர் வெப்பத்தில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் முட்டை மூன்று, நான்கு நாளில் பொரிவதும், முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கு ஓர் எல்லை வரைதான் செல்லும். வெப்பம் மேலும் ஏறினால் வேகம் கூடாது, குறையும். அதற்கும் மேலே போனால் புழு தின்பதை நிறுத்தி நிழலைத் தேடும், பிறகு செத்துவிடும். பல பூச்சிகளில் உயிர் போகும் வெப்பத்துக்கு முன்பே ஆணின் விந்து கெட்டுவிடுகிறது. பூச்சி பறக்கும், கூடும், முட்டையும் வரும். ஆனால் அந்த முட்டை பொரியாது. பட்டாம்பூச்சி கண்ணில் படுகிறது என்பதாலேயே அதன் இனப்பெருக்கம் நன்றாக நடக்கிறது என்று முடிவுகட்ட முடியாததற்கு இது ஒரு காரணம்.

வேகத்துக்கு விலையும் உண்டு. சூட்டில் விரைந்து வளர்ந்த புழு, பொதுவாகச் சிறிய பூச்சியாகிறது. குளிர்ச்சியில் நிதானமாக வளர்ந்தது பெரிதாகிறது. பெண்ணின் வயிறு சிறிதானால் அதில் பிடிக்கும் முட்டையும் குறைவு.

மலாவியின் புதர்ப் பட்டாம்பூச்சி

தாய்வழி விளைவை மிகத் தெளிவாகக் காட்டியது கிழக்கு ஆப்பிரிக்காவின் பிசைக்ளஸ் அனைனானா என்ற பழுப்புநிறப் பட்டாம்பூச்சி. மலாவி நாட்டிலிருந்து 1988இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன கூட்டத்தின் வழித்தோன்றல்களை இன்றும் பல ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். புழுவுக்குத் தீனி மக்காச்சோள நாற்று. பூச்சிக்கு வாழைப்பழம்.

பெண் பூச்சிகளை 20 டிகிரியிலும் 27 டிகிரியிலும் தனித்தனியே வைத்து முட்டைகளை அளந்தார்கள். குளிரில் இருந்தவை பெரிய முட்டைகளாக, ஆனால் குறைவாக இட்டன. சூட்டில் இருந்தவை சிறியவற்றை நிறைய இட்டன. ஒரு பெண்ணை இடம் மாற்றி வைத்தால் சில நாட்களில் அவள் இடும் முட்டையின் அளவும் மாறிவிடுகிறது. அதாவது இது பிறவியிலேயே தீர்மானமான ஒன்றில்லை, நாளுக்கு நாள் அவள் செய்யும் சரிக்கட்டு. குளிரில் வளர்ச்சி மெதுவாக நடக்கும், பிள்ளைக்கு இடர்கள் கூடுதல். பெரிய முட்டையில் பிறந்த புழு அந்த நிலையில் தாக்குப்பிடிக்கிறது. சூட்டில் சிறிய முட்டையே போதுமென்பதால் எண்ணிக்கையைக் கூட்டுவது இலாபம்.

இதே இனத்தில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. மலாவியில் மழைக்காலம் வெப்பமானது. மழை முடியும் தறுவாயில் குளிர் தொடங்கும், அதன் பின்னால் வறட்சி வரும். ஆகவே புழுவுக்குக் குளிர்தான் வறட்சியின் முன்னறிவிப்பு. புழுப் பருவத்தின் கடைசி நாட்களும் கூட்டுப்புழுவின் தொடக்கமும் சூடாக இருந்தால், சிறகின் அடிப்பக்கத்தில் பெரிய கண்புள்ளிகள் வரும். குளிராக இருந்தால் அவை சுருங்கி, சிறகு காய்ந்த சருகு போல ஆகிவிடும். உள்ளே நடப்பது இதுதான்: தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் என்ற ஹார்மோன் சூட்டில் சீக்கிரம் உயர்கிறது, குளிரில் தாமதமாக உயர்கிறது. அந்தத் தாமதம் கண்புள்ளியின் அளவைத் தீர்மானிக்கிறது.

மாற்றம் சிறகோடு நிற்பதில்லை. வறட்சிக்காலத்துப் பெண் உடனே முட்டையிடாது. புல்லே காய்ந்து கிடக்கும்போது முட்டையிட்டு என்ன பயன்? மாதக்கணக்கில் சருகோடு சருகாகக் காத்திருந்து, மழை வந்து புல் துளிர்க்கும்போது இடுகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் காலத்தில் கூடலின் முறையே மாறுவதைக் காட்டியது. குளிரில் வளர்ந்த ஆண்கள், கூடும்போது பெண்ணுக்குச் சத்து நிறைந்த விந்துப்பையைத் தருகின்றன. அதைப் பெற்ற பெண் கூடுதல் நாள் வாழ்கிறது. அதனால் வழக்கத்துக்கு மாறாகப் பெண்கள் ஆண்களைத் தேடிப் போகின்றன, தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆண் இருக்கிறது. ஒரே இனம்தான், மரபணுவும் அதேதான். புழுவாக இருந்தபோது பட்ட சில டிகிரி வேறுபாடு இத்தனையும் செய்கிறது.

நம் ஊரிலும் இப்படி இரட்டை வேடம் உண்டு. அந்தி நேரத்தில் வீட்டுக்குள் விளக்கைத் தேடி வரும் பழுப்புப் பட்டாம்பூச்சி, மழைக்காலத்தில் கண்புள்ளிகளோடும் வறட்சியில் அச்சு அசல் சருகாகவும் இருக்கும். அதன் புழு நெற்பயிரையும் புற்களையும் தின்பது. இரண்டையும் வெவ்வேறு இனமென்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர்.

பகல் நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். குளிர்நாடுகளில் புழுக்கள் பகல் நேரத்தை அளந்தே பனிக்காலம் வருவதை அறிகின்றன. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மணி நேர வேறுபாடு இருக்கிறது. சென்னையில் அது ஒன்றரை மணி நேரம்தான். இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம்பிக் காலத்தைக் கணிப்பது கடினம். வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிகளில் பலவும் வெப்பத்தையும் மழையையும் தளிரையும் நம்புவதில் வியப்பில்லை.

ஈரம், வறட்சி, இலை

முட்டை உயிருள்ளது, மூச்சுவிடுவது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. காற்று உள்ளே போகும் அதே வழியில் ஈரம் வெளியேறும். மெழுகுப் படலம் ஓரளவு காக்கும். வறண்ட காற்று நாள்முழுக்க அடித்தால் முட்டை குழிவிழுந்து சப்பையாகிவிடும். இலையின் அடியில் இடப்படும் முட்டைக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. இலை நீராவியை விட்டுக்கொண்டே இருப்பதால் அதை ஒட்டிய மெல்லிய காற்று, சுற்றியுள்ள காற்றைவிட ஈரமானது. செடி தண்ணீரில்லாமல் வாடினால் அந்தப் போர்வையும் போய்விடும். செடிக்கு ஊற்றும் தண்ணீர் முட்டைக்கும் சேர்த்துத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், பொரிந்த புழுவுக்குத் தின்ன இலை இருக்கிறதா என்பது. பிறந்த புழுவின் தாடையால் முற்றிய இலையைக் கடிக்க முடியாது. தளிரில் நீரும் நைட்ரஜனும் அதிகம், முற்றலில் நாரும் கசப்பும் அதிகம். ஆகவே முட்டை பொரியும் நாளும் செடி துளிர்க்கும் நாளும் ஒத்துவர வேண்டும்.

ஒத்துவராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஜாஸ்பர் ரிட்ஜ் சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் காப்பிடமான அந்த மேட்டில் பே செக்கர்ஸ்பாட் என்ற பட்டாம்பூச்சியை உயிரியலாளர் பால் எர்லிக்கும் அவர் குழுவும் 1960 வாக்கிலிருந்து ஆண்டுதோறும் எண்ணிவந்தார்கள். அதன் புழு முக்கியமாகத் தின்பது பிளான்டாகோ எனும் குட்டிப் பூண்டை. மருந்துக்கடையில் விற்கும் இசப்கோலின் உறவுச்செடி அது. குளிர்கால மழையில் முளைத்து வசந்தத்தின் முடிவில் காய்ந்துவிடும். அதற்குள் புழு ஓரளவு வளர்ந்தாக வேண்டும். வளர்ந்தால் கோடை முழுவதும் உறங்கிக் கழிக்கும். வளராவிட்டால் பட்டினிதான்.

மேட்டின் தெற்குச் சரிவில் வெயில் அதிகம். அங்குள்ள புழு சீக்கிரம் வளரும், ஆனால் செடியும் சீக்கிரம் காயும். வடக்குச் சரிவில் செடி நாள்பட்டுப் பசுமையாக இருக்கும், புழு மெதுவாக வளரும். நல்ல ஆண்டிலேயே பெரும்பாலான இளம் புழுக்கள் பசியில் சாகும். மழை ஓர் ஆண்டு மிகுந்தும் மற்றோர் ஆண்டு பொய்த்தும் தடுமாறத் தொடங்கியபோது, புழுவின் நாளும் செடியின் நாளும் விலகிக்கொண்டே போயின. 1990களின் இறுதிக்குள் ஜாஸ்பர் ரிட்ஜில் அந்த இனம் அற்றுப்போனது. யாரும் வேட்டையாடி அழிக்கவில்லை, இடமும் காப்பிடம்தான். சில நாள் பொருத்தமின்மை ஆண்டுக்காண்டு சேர்ந்து ஒரு கூட்டத்தையே முடித்துவிட்டது. உள்ளூர்ப் பட்டாம்பூச்சிகளை ஆண்டுதோறும் எண்ணிக் குறித்து வைப்பவர்களின் வேலை எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் சொல்ல முடியாது.

தந்தையின் சீர்

ஓடைக்கரை ஈரமண்ணில் பத்து, இருபது பட்டாம்பூச்சிகள் சிறகை மூடி வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை ஆண்கள். இலையில் உப்பு மிகக் குறைவு, தேனிலும் அதிகம் இல்லை. மண்ணில் ஊறிய சோடியத்தைச் சேர்த்து, கூடும்போது விந்துப்பையோடு பெண்ணுக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்த உப்பு முட்டைக்குள் போய்ச் சேர்வதைச் சில இனங்களில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியும் அதன் சுற்றமும் கிலுகிலுப்பைச் செடியில் மொய்ப்பது இன்னொரு வகைச் சேகரிப்பு. வாடிய தண்டையும் காயையும் சுரண்டி, அதிலுள்ள கசப்பு ஆல்கலாய்டுகளை ஆண்கள் உறிஞ்சுகின்றன. பெண்ணை மயக்கும் மணத்துக்கு அதுதான் மூலப்பொருள். அமெரிக்காவில் வாழும் ஒரு வரியன் இனத்தில் அந்தக் கசப்பு பெண்ணின் வழியாக முட்டைக்குச் செல்வது உறுதிப்பட்டிருக்கிறது. எதிரிகளிடமிருந்து அது முட்டையைக் காக்கக்கூடும். ஓடைக்கரையைச் சிமென்ட் பூசி மூடுவதும், புறம்போக்குக் கிலுகிலுப்பையைக் களையென்று வெட்டுவதும் அடுத்த தலைமுறையின் முட்டையிலிருந்து ஒரு பங்கைப் பறிப்பதற்குச் சமம்.

வரியன்களுக்கு இன்னொரு வழியும் தெரியும்: காலம் சரியில்லை என்றால் இடம்மாறுவது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கங்களிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கி அவை கூட்டங்கூட்டமாகப் பறக்கின்றன. இப்படி வலசை போகும் பெண்களின் வயிற்றில் முற்றிய முட்டைகள் மிகக் குறைவு. சத்து பறப்பதற்குச் செலவாகிறது, முட்டை பிறகு.

வளர்த்துப் பார்க்க

இத்தனையும் கண்ணால் காண ஒரு கறிவேப்பிலைத் தொட்டி போதும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருந்தாலும் சரி. தளிரில் முட்டையைக் கண்டால் அந்தக் காம்போடு வெட்டி, தண்ணீர் நிரப்பிய சிறு புட்டியில் செருகுங்கள். புட்டி வாயைப் பஞ்சால் அடைக்க மறக்கக் கூடாது. அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். இதில்தான் தொடக்கக்காரர்களின் முதல் புழு சாகும்.

புட்டியை வலைத்துணி மூடிய பெட்டியில், நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 25 முதல் 30 டிகிரி வசதியானது. ஏசி அறை வேண்டாம், அங்கே காற்றும் வறட்சி, வளர்ச்சியும் தாமதம். அதற்கு நேர்மாறான பிழை, ஈர இலையோடு பிளாஸ்டிக் டப்பாவை இறுக மூடுவது. ஓரிரு நாளில் எச்சத்தில் பூஞ்சணம் பூக்கும், புழு கழியத் தொடங்கும். உடல் தொளதொளத்துக் கறுத்துத் தலைகீழாகத் தொங்கினால் அது நுண்கிருமி நோய். அந்தப் புழுவையும் இலையையும் உடனே அகற்றி, பெட்டியைச் சோப்பால் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். எச்சத்தைத் தினமும் தட்டிவிடுவது இதைத் தடுக்கும் எளிய வழி.

ஒரு லிட்டர் கொள்ளும் பெட்டியில் பெரிய புழு இரண்டுக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் தீனிப் போட்டியில் சிறுத்துவிடும், சிறுத்த பெண் பின்னாளில் குறைவாக முட்டையிடும். தோலுரித்துத் தோலுரித்து வளரும் புழு, முதல் நான்கு கட்டங்களில் பறவை எச்சம் போலிருந்து, ஐந்தாவதில் பச்சையாகிய பிறகுதான் உண்மையான தீனிக்காரன். அதுவரை தின்றதைவிடப் பன்மடங்கு அந்த ஒரு வாரத்தில் தின்னும். செடியில் போதிய இலை இருக்கிறதா என்று அப்போதல்ல, முட்டையைக் கண்ட அன்றே பாருங்கள்.

நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய செடியின் இலையைக் கொடுக்காதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி மருந்துகள் வேர்வழி ஏறித் தளிரில் தங்கும், கழுவினால் போகாது. புதிதாக விட்ட தளிர்கள் பல முற்றும்வரை காத்திருப்பது நல்லது.

பொரிவதற்கு முந்தைய நாள் முட்டையின் ஓட்டுவழியே புழுவின் கருந்தலை ஒரு புள்ளியாகத் தெரியும். முட்டை முழுதுமே ஒரே கறுப்பாக மாறி, நாள் கடந்தும் பொரியாவிட்டால் உள்ளே இருப்பது முட்டை ஒட்டுண்ணிக் குளவி. இதுவும் தோட்டத்தில் இயல்பானது, நச்சு அடிக்காத தோட்டம் என்பதன் அடையாளம்.

புழு தீனியை நிறுத்தி, நீர்த்த எச்சம் போட்டு, இடம்தேடி அலையத் தொடங்கும்போது பெட்டிக்குள் இரண்டு விதமான இடங்களை வைத்துப் பாருங்கள்: பசும் இலைகளோடு வழவழப்பான காம்பு ஒன்று, சொரசொரப்பான காய்ந்த குச்சி ஒன்று. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியிலும் அதன் நெருங்கிய உறவுகளிலும், பச்சைக் காம்பில் ஒட்டியது பெரும்பாலும் பச்சைக் கூட்டுப்புழுவாகும், காய்ந்த குச்சியில் ஒட்டியது பழுப்பாகும். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளை வைத்தே நெகிழ்தன்மையைக் கண்ணெதிரே பார்த்துவிடலாம். நிறம் தீர்மானமாவது ஒட்டிக்கொண்ட பின் வரும் ஓரிரவில். அதற்குப் பிறகு குச்சியை மாற்றினால் நிறம் மாறாது.

எட்டு, பத்து நாளில் கூடு கண்ணாடிபோலாகிச் சிறகின் வண்ணம் தெரியும். மறுநாள் காலை பூச்சி வெளியே வரும். கசங்கிய சிறகைத் தொங்கவிட்டு விரிக்க அதற்கு இடம் வேண்டும், கீழே குறைந்தது ஒரு சாண் வெற்றிடம் இருக்கட்டும். சிறகு விரியக் கால்மணி நேரம், விறைக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அப்போது நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. காற்று மிக வறண்டிருந்தால் சிறகு கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூடு கண்ணாடியான அன்று மாலை பெட்டியின் அடியில் ஓர் ஈரத்துணியை விரித்து வையுங்கள். வெயில் ஏறி, சிறகைத் தானே விரித்து மூடத் தொடங்கும்போது வலையைத் திறந்துவிடலாம்.